ஷொக் அடிச்சா மூலக்கூறுக்குள்ள சக்தி எப்பிடி மேல ஏறுது?

கோணேசபுரிப் பெடியன்:
வணக்கம், கம்பஸ் செமினாருக்கு வெடிபொருள் மூலக்கூறுகளில அதிர்வுச் சக்தி ஓடுறதை எடுத்திட்டு இப்ப முழுசிக்கொண்டு நிக்கிறன். ஷொக் அலை கிறிஸ்டலை நசிக்கேக்க சக்தி முதல்ல சாலக அதிர்வுக்குத்தான் போகுதாம், அதாவது 200 செ.மீ⁻¹க்குக் (அதிர்வெண்ணைச் சொல்லுற அலகு) கீழ இருக்கிற போனனுக்கு, கிறிஸ்டல் அடுக்கு முழுக்கச் சேந்து ஆடுற ஆட்டம் அது. ஆனா நைட்ரோ கூட்டம் (NO₂) கழரவேணுமெண்டா உள்ளுக்க பிணைப்பு நீள வேணுமே, அந்த அதிர்வெல்லாம் 1000, 1500 எண்டு மேல கிடக்கு. என்ன மாதிரி ஏறுது?

உப்புவெளியான்:
தம்பி, அலை வள்ளத்தை முழுசாத் தூக்கிப் போடும், அதுக்காக இஞ்சின் நட்டு கழராது, போனனும் அப்பிடித்தான், மூலக்கூறு முழுசா ஆடும், அவ்வளவுதான். இடையில 200 தொடக்கம் 700 வரைக்கும் வளையிற, முறுகிற அதிர்வுகள் இருக்கு, வாசல் மோட் எண்டு சொல்லுறது. 150ல ரெண்டு போனன் சேந்தா 300ல ஒரு வாசல் மோட் எழும்பும், அங்கயிருந்து உள்ளுக்க பரவும். அதிர்வு சுத்த ஹார்மோனிக், அதாவது ஒவ்வொரு அதிர்வும் தன்ர பாட்டில தனிய ஆடுறது எண்டா இது நடக்கவே நடக்காது, ஒண்டிலயிருந்து மற்றதுக்குச் சக்தி மாற விடுற அன்ஹார்மோனிக் இணைப்புத்தான் எல்லாம். பத்துக்கணக்கான பிக்கோசெக்கனில முடிஞ்சிடும். 1990ல டுலொட்டும் ஃபேயரும் எழுதின பேப்பரைப் பார்.

கடற்கரை மச்சான்:
டைனமைட் போட்டு மீன் பிடிக்கிற ஊரில இருந்துகொண்டு இதைக் கேக்கிறாய், ஆக்கள் ஒரு மாதிரிப் பாக்கப் போறாங்கள் 😂

நிலாவெளி டீச்சர்:
உப்புவெளியான் சொன்னது சரி, ஆனா அதோட நிக்காதீங்கோ. சக்தி எல்லா இடமும் ஒரே மாதிரிப் பரவினா பல நேரம் ஒண்டும் தீப்பத்தாது. உண்மையான கிறிஸ்டலில துவாரம், வெடிப்பு எண்டு குறை இருக்கும், அந்த இடத்திலதான் சூட்டுப் புள்ளி வரும். அதே 1990 பேப்பரிலயே குறை இருக்கிற இடத்தில அன்ஹார்மோனிக் இணைப்புக் கூட, அதால அந்த இடம் மற்ற இடத்தை விடச் சூடேறும் எண்டு இருக்கு. டிஏடிபி (TATB) எண்ட வெடிபொருளையும் பாருங்கோ, ஐதரசன் பிணைப்பால படை படையா அடுக்கி இருக்கு, படைகள் வழுக்கிக் குடுக்கும், அடிச்சாலும் லேசில வெடிக்காது.

கோணேசபுரிப் பெடியன்:
நன்றி டீச்சர். இவ்வளவு வேகமா நடக்கிறதை எப்பிடி அளக்கிறாங்கள்?

உப்புவெளியான்:
லேசர் துடிப்பாலதான். ஒரு அகச்சிவப்புத் துடிப்பு 3000 பக்கம் இருக்கிற காபன்-ஐதரசன் நீட்சியைத் தட்டி விடும், பிந்தி வாற துடிப்பு எந்த மோட் எப்ப சூடாகுது எண்டு பாக்கும். இதில சக்தி மேலயிருந்து கீழ இறங்குது, ஷொக்குக்கு எதிர்ப்பக்கம், ஆனா எந்த மோட் எதோட பிணைஞ்சிருக்கு எண்டது இதிலயே தெரிஞ்சிடும். சிலைட்ல அந்த எதிர்ப்பக்கத்தைக் கட்டாயம் போடு, வைவாவில அங்கதான் பிடிப்பினம்.