பிரிசம்ப்டிவ் டெஸ்ட்: ‘அனுமானச் சோதனை’ பொருந்துமா?

அன்புடையீர், வணக்கம்.

அறிவியல் படிக்காதவர்களுக்கான தடய அறிவியல் அறிமுகத்தில், ஒரு பொருள் இருக்கக்கூடும் என்று மட்டும் காட்டும் பிரிசம்ப்டிவ் டெஸ்ட் என்பதை ‘அனுமானச் சோதனை’ என்று வழங்கலாம் என்ற முன்மொழிவில் எனக்கு உடன்பாடில்லை. பேச்சுவழக்கில் அனுமானம் என்றால் ஊகம். தருக்க நூல்களிலோ, புகையைக் கண்டு நெருப்பு உண்டெனத் துணியும் பிரமாணம், அதாவது மெய்யை அறியும் வழி. முதற்பொருளில் ஆய்வகம் குத்துமதிப்பாகப் பேசுவதாகிவிடும். இரண்டாம் பொருளில் முடிவே எட்டப்பட்டுவிட்டதாகிவிடும்.

குருதிக்கறையைத் தேடும் காஸில்-மேயர் சோதனையைப் பார்ப்போம். கறையைத் தொட்டெடுத்த பஞ்சில், நிறம் நீக்கப்பட்ட பினாப்தலீன் கரைசலையும் அதன்பின் ஹைட்ரஜன் பெராக்சைடையும் விட்டால், குருதியிலுள்ள ஹீம் என்ற இரும்புச் சேர்மம் வினையூக்கியாகச் செயற்பட்டுப் பஞ்சை உடனே இளஞ்சிவப்பாக்கும். ஆனால் உருளைக்கிழங்கு போன்ற காய்களிலுள்ள பெராக்சிடேஸ் நொதியும் அதே நிறத்தைத் தரக்கூடும் என்பதால், சமையலறைக் கத்தி ஒன்று சிவந்ததைக் கொண்டு மட்டும் எவரையும் குற்றவாளியாக்க முடியாது. ஆட்டின் குருதிக்கும் பஞ்சு சிவக்கும். நிறமே தோன்றாவிட்டால், கண்டறியக்கூடிய அளவில் அங்குக் குருதி இல்லை எனப் பெரும்பாலும் கொள்ளலாம். ‘ஆம்’ என்பதைவிட ‘இல்லை’ என்பதற்கு வலு மிகுந்த இந்தச் சோதனைக்கு ‘முதற்கட்டச் சோதனை’ என்ற பெயரும் போதாது. அது வரிசையைச் சொல்கிறதே தவிர வலுவைச் சொல்லவில்லை.

‘சுட்டுச் சோதனை’ இலக்கணப்படி அழகானது. ஆயினும் துப்பாக்கியும் தோட்டாவும் வரும் அத்தியாயத்தில் அதை எழுதினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே ‘அறிகுறிச் சோதனை’ என்பதை முன்வைக்கிறேன். மருத்துவத்தில் அறிகுறி நோய்க்குரியது என்று மறுப்பு எழலாம். காய்ச்சல் ஒன்றை மட்டும் வைத்து இன்ன நோய் என்று மருத்துவர் முடிவு கட்டுவதில்லை என்பதால், அந்தப் பழக்கம் இங்கு உதவவே செய்யும்.

இதன் இணையான கன்ஃபர்மேட்டரி டெஸ்ட்டுக்கு ‘உறுதிச் சோதனை’ போதும். ஆனால் எதை உறுதி செய்கிறது என்பதைச் சேர்த்தே எழுதவேண்டும். நுண்ணோக்கியில் படிகங்களைக் காட்டும் தகயாமா சோதனை, கறை குருதிதான் என்பதை உறுதி செய்யும். மனிதக் குருதியா என்பதற்கு எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) கொண்டு செய்யும் வேறு சோதனையும், யாருடையது என்பதற்கு டி.என்.ஏ. ஆய்வும் தேவை. எனவே ‘குருதி உறுதிச் சோதனை’, ‘மனிதக் குருதி உறுதிச் சோதனை’ என்று பிரித்தே வழங்கலாம் என்பது என் கருத்து. மறுப்பிருப்பின் எழுதுங்கள்.