கரண்ட் போனால் சமாளிப்பது: இன்வெர்ட்டர், ஃப்ரிட்ஜ், ஜெனரேட்டர் அனுபவப் பகிர்வு

இன்வெர்ட்டருக்கு 150 ஏஎச் (ஆம்பியர்-அவர்), 12 வோல்ட் பேட்டரி என்றால் 1800 வாட்-அவர் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். அவ்வளவும் கைக்கு வராது. லெட்-ஆசிட் பேட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் சீக்கிரம் போய்விடும். இன்வெர்ட்டரிலேயே 15 சதவீதம் போலச் சூடாக வீணாகும். நம்பி இருக்கக்கூடியது சுமார் 750 வாட்-அவர்தான்.

75 வாட் ஃபேன் மூன்று, 9 வாட் எல்இடி பல்பு நான்கு, 10 வாட் ரவுட்டர் ஒன்று: மொத்தம் 271 வாட். இரண்டே முக்கால் மணி நேரம் ஓடும். கரண்டைக் குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி ஃபேன்களாக மாற்றினால் லோடு 136 வாட், ஐந்தரை மணி நேரம் தாங்கும். இன்னொரு பேட்டரி வாங்க யோசிப்பவர்கள் முதலில் ஃபேனை மாற்றுங்கள். மிக்சி, அயர்ன் பாக்ஸ் இருக்கும் பிளக்கை இன்வெர்ட்டர் லைனில் சேர்க்கவே வேண்டாம். கரண்டை வேகமாக இழுக்க இழுக்க, பேட்டரி தரும் மொத்த அளவே குறையும்.

*

மேலே சொன்ன கணக்கு சரி, பேட்டரியில் தண்ணீர் இருக்கும்வரை. பேட்டரி மேலே தண்ணீர் அளவைக் காட்டும் மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்குகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஊற்ற வேண்டியது டிஸ்டில்ட் வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் உள்ளே இருக்கும் ஈயப் பிளேட்டைக் கெடுக்கும். ஆசிட் ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் உள்ளேயே இருக்கிறது.

முழு சார்ஜ் ஏறிய பிறகே நிரப்புங்கள். முன்பே நிரப்பினால், சார்ஜ் ஏறும்போது திரவம் விரிந்து மேலே வழியும். பிளேட் வெளியே தெரிகிற அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், பிளேட் மூழ்கும்வரை ஊற்றி, சார்ஜ் செய்து, அப்புறம் மீதியை ஊற்றலாம்.

பேட்டரி நன்றாக இருந்தும் லோடு போட்டவுடன் "லோ பேட்டரி" காட்டினால் டெர்மினலைப் பாருங்கள். போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கும். இன்வெர்ட்டரை நிறுத்தி, வயரைக் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, காயவிட்டு, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவுங்கள். மூடிகள் திறந்திருக்கக் கூடாது. சோடா உள்ளே போனால் ஆசிட் முறிந்துவிடும். சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் காற்றோட்டம் வேண்டும். பூஜை விளக்கு, மெழுகுவர்த்தி எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

*

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் 4 மணி நேரம் குளிர் நிற்கும். ஃப்ரீசர் நிறைந்திருந்தால் 48 மணி நேரம், பாதி என்றால் 24. காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை, கழுத்துவரை நிரப்பாமல், உறைய வையுங்கள். வீட்டில் ஆளில்லாத நேரத்துக்கு ஒரு வழி: டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, மேலே ஒரு நாணயத்தை வைத்து, ஃப்ரீசரிலேயே விடுங்கள். திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருப்பதைக் கொட்டிவிடுங்கள்.

கரண்ட் போனதும் ஃப்ரிட்ஜ், ஏசி பிளக்குகளைக் கழற்றி, ஒரு பல்பை மட்டும் ஆனில் விடுங்கள். வந்தபின் 5 நிமிடம் வெளிச்சம் நிலையாக இருந்தால் போடலாம். கம்ப்ரஸர் அழுத்தம் சமமாகவும் அந்த நேரம் தேவை.

*

ஜெனரேட்டர் வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. பால்கனி, கார் ஷெட் எல்லாம் உள்ளே இருப்பதற்குச் சமம். பெட்ரோல் ஊற்றுமுன் நிறுத்தி ஆறவிடுங்கள். இரண்டு முனையிலும் பிளக் வைத்த வயரால் ஜெனரேட்டரைச் சுவர் பிளக்கில் செருகுவது கொலைக்குச் சமம். ஜெனரேட்டர் கரண்ட் தெரு லைனுக்குப் போய், டிரான்ஸ்ஃபார்மர் வழியாக உயர் அழுத்தமாக மாறி, லைன் அணைந்திருப்பதாக நம்பிக் கம்பத்தில் ஏறியவரைக் கொல்லும். தெரு லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடாமல் வீட்டு வயரிங்கில் இணைக்காதீர்கள்.