மொழி மாதிரிகள் வந்த பிறகும் ஆய்வுலகுக்குச் செமாண்டிக் வெப் எதற்கு?

நேர்கோடு:
2001 மே மாதம் டிம் பெர்னர்ஸ்-லீ, ஜேம்ஸ் ஹெண்ட்லர், ஓரா லாசிலா மூவரும் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் செமாண்டிக் வெப் பற்றி எழுதினார்கள். வலையில் கிடக்கும் தகவலின் பொருளை எந்திரங்களே அறிந்து நமக்காக வேலை செய்யும் என்றார்கள். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. ஆய்வுக்கட்டுரை இன்னமும் பிடிஎஃப்பாகத்தான் வருகிறது. ஒரு வரைபடத்தில் உள்ள புள்ளியின் மதிப்பு வேண்டுமென்றால் படத்தைப் பெரிதாக்கி அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது. தகவலை எந்திரம் அறியும்படி எழுதவும் வினவவும் ஆர்டிஎஃப், ஓடபிள்யூஎல், ஸ்பார்க்கிள் என்று தரநிலைகள் மட்டும் குவிந்தன.

இன்று சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரியிடம் கட்டுரையைக் கொடுத்தால் அதுவே படித்துச் சொல்லிவிடுகிறது. அப்படியிருக்க, ஆய்வாளர்களை உட்கார வைத்து ஒவ்வொரு கூற்றுக்கும் எந்திரம் அறியும் குறி போடச் சொல்வது வீண் உழைப்பு. அந்தப் பணத்தை முழு உரையையும் எல்லோருக்கும் திறந்துவிடுவதில் போடலாம். மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

கணு:
மறுக்கிறேன். தோற்றுப்போனது என்று நீங்கள் சொல்லும் தொழில்நுட்பத்தில் பாதியை நீங்களே தினமும் பயன்படுத்துகிறீர்கள். ஒரு கட்டுரையின் டிஓஐ, அதாவது அதன் நிலையான அடையாள எண், முகவரியாகவும் இருக்கிறது; அதை உலாவியில் திறந்தால் பதிப்பகத்தின் பக்கம் வரும். அதே முகவரியை ஒரு நிரல் "எனக்கு ஆர்டிஎஃப் வடிவில் கொடு" என்று கேட்டால் தலைப்பு, ஆசிரியர், இதழ், ஆண்டு எல்லாம் எந்திரம் படிக்கும் வடிவில் வந்துவிடும். பதிப்பகங்களுக்காக டிஓஐ பதியும் அமைப்பான கிராஸ்ரெஃப் 2011லிருந்து இதைத் தருகிறது. மனிதருக்கும் எந்திரத்துக்கும் ஒரே முகவரி. செமாண்டிக் வெப்பின் அடிப்படையே அதுதான்.

இன்னொன்று, மேற்கோள்கள். எந்தக் கட்டுரை எதை மேற்கோள் காட்டுகிறது என்ற தரவு பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தது. 2017 ஏப்ரலில் திறந்த மேற்கோள்களுக்கான இயக்கம் தொடங்கியது. பெரிய பதிப்பகங்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. 2022 ஜூனிலிருந்து கிராஸ்ரெஃபில் பதிவாகும் மேற்கோள் பட்டியல்கள் எல்லாமே திறந்தவை. அதே ஆண்டு தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த ஆய்வுக்கட்டுரைப் பட்டியல் இந்தத் தரவையும் சேர்த்துத்தான் கட்டப்பட்டிருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தன் ஆய்வுத் தரவுத் தொகுப்பை 2021 கடைசியில் நிறுத்தியபோது அந்த இடத்தை நிரப்ப வந்தது இதுதான். பிடிஎஃப்பை எந்த மாதிரியிடம் கொடுத்தாலும் இந்த வலை கிடைக்காது.

நேர்கோடு:
கணு, நீங்கள் சொல்வது பதிவேடு. ஒரு பொருளுக்கு ஒரு எண், அந்த எண்ணுக்கு ஒரு பக்கம். அது மிக நல்ல விஷயம், அதை நான் எதிர்க்கவே இல்லை. நான் எதிர்ப்பது கட்டுரைக்கு உள்ளே இருக்கும் அறிவையே மும்மூன்று சொல்லாக உடைத்து வைக்கலாம் என்ற நம்பிக்கையை.

"ஆஸ்பிரின் — தடுக்கிறது — சைக்ளோஆக்சிஜனேஸ்." ஆஸ்பிரின் அந்த நொதியைத் தடுக்கிறது என்று பொருள். எந்திரத்துக்கு இது அழகான கூற்று. எந்த அளவு மருந்தில்? இரத்தத் தட்டுகளில் அந்தத் தடுப்பு மீளாதது, தட்டுக்குக் கரு இல்லாததால் புது நொதியை உருவாக்க முடிவதில்லை. மற்ற செல்கள் புதிதாகச் செய்துகொள்ளும். குறைந்த அளவு ஆஸ்பிரின் இதயநோய்க்குப் பயன்படுவதற்குக் காரணமே இந்த வேறுபாடுதான். மூன்று சொல்லில் அது எங்கே போயிற்று? நிபந்தனைகளைச் சேர்க்கச் சேர்க்க அந்த மூன்று சொல் முப்பது ஆகும், கடைசியில் கட்டுரையே திரும்ப வந்து நிற்கும்.

கணு:
இதற்கான விடை முன்பே யோசிக்கப்பட்டதுதான். நானோபப்ளிகேஷன் என்ற வடிவத்தில் கூற்று தனியாக இருக்கும். அது எந்தச் சோதனையில், எந்தக் கட்டுரையிலிருந்து வந்தது என்பது ஒரு பகுதி. அந்தக் கூற்றை யார், எப்போது பதிந்தார்கள் என்பது இன்னொரு பகுதி. மூலக் கட்டுரையைத் தூக்கிப் போடச் சொல்லவில்லையே. கூற்றிலிருந்து மூலத்துக்கு வழி இருக்கிறது. படிக்க வேண்டிய இடத்தில் போய்ப் படிக்கலாம்.

இது எதற்கு என்றால், தகவலியல் அறிஞர் டான் ஸ்வான்சனை நினைத்துப் பாருங்கள். குளிரில் விரல்களுக்கு இரத்த ஓட்டம் குறையும் ரேனோ நோய் உள்ளவர்களின் இரத்தம் கெட்டியாக இருக்கிறது என்று சில கட்டுரைகள். மீன் எண்ணெய் இரத்தத்தின் கெட்டித்தன்மையைக் குறைக்கிறது என்று வேறு சில கட்டுரைகள். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று மேற்கோள் காட்டவில்லை. 1986ல் இரண்டையும் இணைத்து, மீன் எண்ணெய் ரேனோ நோய்க்கு உதவலாம் என்றார் அவர். பிறகு மருத்துவச் சோதனையிலும் அதற்கு ஆதரவு கிடைத்தது. விடை அச்சில் இருந்தது, யார் கண்ணிலும் படவில்லை. கூற்றுகள் இணைக்கப்பட்டிருந்தால் இப்படிப்பட்டவற்றைத் தேடி எடுக்கலாம்.

நேர்கோடு:
ஸ்வான்சன் எனக்குச் சாட்சி. 1986ல் ஆர்டிஎஃப் பிறக்கவே இல்லை. ஒரு மனிதர் படித்துப் படித்துத்தான் கண்டுபிடித்தார்.

அடுக்கு:
இடையே வருவதற்கு மன்னிக்கவும், நான் நூலகத் துறை. நேர்கோடு, ஸ்வான்சன் வெறும் தாள்களைப் புரட்டவில்லை. மெட்லைன் என்ற மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளத்தில் தேடினார். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் மனிதர்கள் உட்கார்ந்து பொருள் தலைப்பு இட்டிருந்தார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் மெஷ் என்ற அந்தச் சொற்பட்டியலை 1960லேயே தொடங்கிவிட்டது. மருத்துவத்தில் தகவல் தேடுவது மற்ற துறைகளைவிட எளிது என்றால் இந்த உழைப்புக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

ஆனால் கணுவிடமும் ஒன்று சொல்ல வேண்டும். அதே நூலகம் 2022ல் தலைப்பிடும் வேலையை நிரலிடம் ஒப்படைத்துவிட்டது. தேவைப்படும் கட்டுரைகளை மட்டும் மனிதர்கள் சரிபார்க்கிறார்கள். வந்து குவியும் கட்டுரைகளுக்கு ஆள் போட்டு மாளாது. எனவே "ஆய்வாளரே குறியிடுவார்" என்ற எதிர்பார்ப்பில் நேர்கோடு சொல்வதில் நியாயம் இருக்கிறது.

புதுமுகம்:
நான் மரபணுவியல் மாணவி. ஒரு சந்தேகம். மார்ச்1, செப்ட்1 போன்ற மரபணுப் பெயர்களை எக்செல் தேதியாக மாற்றிவிடும் என்று எங்கள் ஆய்வகத்தில் முதல் வாரமே எச்சரித்தார்கள். இது இந்த விவாதத்துக்குள் வருமா?

கணு:
நேராக வரும். 2016ல் வந்த ஓர் ஆய்வு, எக்செல் மரபணுப் பட்டியலை இணைத்து வெளியான கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. பெயரை மட்டும் நம்பியதால் வந்த வினை. பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் மரபணுவின் நிலையான அடையாள எண்ணும் இருந்திருந்தால், பெயர் சிதைந்தாலும் எந்த மரபணு என்று தெரிந்திருக்கும்.

நேர்கோடு:
சரி, அது எப்படித் தீர்ந்தது என்பதையும் மாணவிக்குச் சொல்லுங்கள். மரபணுப் பெயர்க் குழு 2020ல் பெயர்களையே மாற்றியது: மார்ச்1 என்பது மார்ச்எஃப்1, செப்ட்1 என்பது செப்டின்1. மைக்ரோசாஃப்ட் 2023ல் அந்தத் தானியங்கி மாற்றத்தை அணைக்க வசதி கொடுத்தது. ஆய்வாளர் எக்செலைத்தான் திறப்பார், ஒரு துறையின் சொற்களையும் அவற்றின் உறவுகளையும் எந்திரத்துக்காக வரையறுக்கும் ஆன்டாலஜியைத் திறக்கமாட்டார். அவர் கையில் இருக்கும் கருவியைச் சரிசெய்ததால் சிக்கல் தீர்ந்தது.

அப்புறம் அளவு பற்றியும் பேச வேண்டும். விக்கிப்பீடியாவோடு சேர்ந்த திறந்த தரவுத்தளமான விக்கித்தரவில் ஆய்வுக்கட்டுரைகளைக் கோடிக்கணக்கில் ஏற்றியதால் அதன் வினவல் சேவை திணறியது. 2025ல் கட்டுரைகளைத் தனி வரைபடமாக, அதாவது இணைப்புகளின் தனி வலையாக, பிரித்து வைக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றையும் ஒரே வலையில் இணைப்போம் என்றவர்களே வலையை இரண்டாக வெட்டினார்கள். இதை லேசாகக் கடந்து போகக் கூடாது.

கணு:
கடந்து போகவில்லை. அந்த வெட்டு எனக்கும் வருத்தம்தான். ஆனால் அது மென்பொருளின் கொள்ளளவுச் சிக்கல். இரண்டு வரைபடத்தையும் சேர்த்து வினவ இன்றும் வழி இருக்கிறது.

என் முக்கியமான கேள்வியை இன்னும் நீங்கள் தொடவில்லை. ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டால் என்ன செய்வது? தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்ட வேக்ஃபீல்ட் கட்டுரை 1998ல் வந்தது. அதை வெளியிட்ட லான்செட் இதழ் திரும்பப் பெற்றது 2010ல். அதற்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. இன்று மேற்கோள்களைச் சேமிக்கும் மென்பொருளான சோட்டேரோவில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஒன்று உங்கள் சேமிப்பில் இருந்தால் மேலே சிவப்புப் பட்டையில் எச்சரிக்கை வருகிறது. நீங்கள் தேடிப் போக வேண்டியதில்லை. திரும்பப் பெறப்படும் கட்டுரைகளைக் கண்காணிக்கும் ரிட்ராக்‌ஷன் வாட்ச் தொகுத்த பட்டியல் டிஓஐ வழியாக உங்கள் கட்டுரையோடு பொருந்துவதால் அது நடக்கிறது. அந்தப் பட்டியலை 2023ல் கிராஸ்ரெஃப் வாங்கி எல்லோருக்கும் திறந்துவிட்டது.

இதை மொழி மாதிரியோடு ஒப்பிடுங்கள். பயிற்சியின்போது அந்தக் கட்டுரை உள்ளே போய்க் கலந்துவிட்டால், எந்தப் பதிலில் அதன் சாயல் இருக்கிறது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. கூற்றும் மூலமும் பிணைக்கப்பட்ட வரைபடத்திலோ ஒரே வினவலில் "இந்தக் கட்டுரையை நம்பி நிற்கும் கூற்றுகள் எவை" என்று முழுப் பட்டியலையும் எடுத்துவிடலாம்.

நேர்கோடு:
இது வலுவான வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உங்கள் உதாரணத்தையே பாருங்கள். அந்தச் சிவப்புப் பட்டைக்குப் பின்னால் இருப்பது ஒரு தட்டையான அட்டவணை. ஒரு நெடுவரிசையில் டிஓஐ, அடுத்ததில் தேதி, அடுத்ததில் காரணம். விடை தரும் முன் அந்த அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பேசு என்று மாதிரிக்குக் கட்டளையிட்டால் போதும். அதற்கு ஆன்டாலஜி வேண்டாம்.

அடுக்கு:
போதாது. ஒரு கட்டுரை இன்னொன்றை மேற்கோள் காட்டினால் அது ஆதரவா, மறுப்பா, வெறும் செய்முறைக் குறிப்பா என்பது அட்டவணையில் இல்லை. மறுப்பதற்காக மேற்கோள் காட்டியவரின் கட்டுரை, மூலம் விழுந்தால் விழாது. ஆதரித்தவருடையது ஆட்டம் காணும். இதைக் குறிக்கவே சைட்டோ என்ற மேற்கோள் வகைப்பாடு வந்தது. ஜர்னல் ஆஃப் கெமின்ஃபர்மேடிக்ஸ் இதழ் 2020ல் ஆசிரியர்களே மேற்கோள் பட்டியலில் அதைக் குறிக்கும் முயற்சியைத் தொடங்கியது. ஒரு மேற்கோளுக்கு ஒரே ஒரு சொல். அதை எழுதிய ஆளைவிட யாருக்கு அது நன்றாகத் தெரியும்?

நேர்கோடு:
விருப்பமிருந்தால் செய்யலாம் என்று விடப்பட்டது அது. பதவி உயர்வும் நிதியும் கட்டுரை எண்ணிக்கையைப் பார்த்து வரும்வரை, இரவு பன்னிரண்டு மணிக்குக் கட்டுரையை அனுப்பும் ஆய்வாளர் அந்தச் சொல்லைப் போடமாட்டார். ஆய்வில் பயன்பட்ட எதிர்ப்பொருள், செல் வரிசை, மென்பொருள் இவற்றுக்கு இதழ்கள் அடையாள எண் கேட்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. தரவு அட்டவணையைப் படமாக ஒட்டாமல் தரவாகவே கொடுக்கச் சொல்லட்டும். கூற்றுகளை மட்டும் மாதிரியிடம் விட்டுவிடுங்கள்.

கணு:
மாதிரி எடுத்துத் தரட்டும், எனக்கும் அது சம்மதம். எடுத்ததை ஆசிரியர் ஒரு முறை பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று தன் ஆர்கிட் எண்ணோடு, அதாவது ஆய்வாளருக்கான தனி அடையாள எண்ணோடு, பதியட்டும். அந்த ஒரு பதிவையும் கேட்கக் கூடாது என்றால், தவறான கூற்றுக்கு நாளை யார் பொறுப்பு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், நேர்கோடு.