வீட்டில் கிடக்கிற சார்ஜர் வயர்களைச் சோதித்துப் பார்த்த அனுபவம், உங்களுடையதையும் எழுதுங்கள்

கொக்குவில்

அக்கா மகளின் சாமத்திய வீட்டுப் படங்களும் வீடியோவும் சேர்த்து 118 ஜிபி. படம் எடுத்த தம்பி எல்லாவற்றையும் ஒரு சின்ன எஸ்.எஸ்.டி.யில் (கையில் கொண்டுபோகிற சேமிப்புப் பெட்டி) போட்டுக் கொண்டுவந்து தந்தார், ஆனால் அதோடு வருகிற கட்டை வயரைத் தன் வீட்டிலேயே விட்டுவிட்டார். கனடாவில் இருந்து வந்த சித்தப்பா அன்று இரவே கொழும்பு பஸ் ஏற வேண்டும், அதற்குள் அவருடைய லப்ரொப்பில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். இரண்டு முனையும் ரைப்-சி தானே என்று என் போன் வயரை எடுத்துச் செருகினேன். சித்தப்பா சாப்பிட்டார், பெட்டி கட்டினார், அம்மம்மாவிடம் சொல்லிக்கொண்டார், வாசலில் ஓட்டோவும் வந்து நின்றுவிட்டது, நாற்பது நிமிடம் கழிந்தும் பச்சைக் கோடு முக்கால்வாசியில்தான் நின்றது. மிச்சத்தை அப்படியே விட்டு லப்ரொப்பை மூடவேண்டி வந்தது. மறுநாள் அந்தத் தம்பி கட்டை வயரைக் கொண்டுவந்ததும் அதே 118 ஜிபியை என் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். ஐந்து நிமிடம்தான்.

அன்றைக்குத்தான் இந்த வயர்களைப் பற்றி உட்கார்ந்து வாசித்தேன். ரைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டும், 2014இல் வந்தது. உள்ளே எத்தனை கம்பி ஓடுகிறது என்பதை அந்த வாய் சொல்லாது. போனோடு வருகிற வயர் அநேகமாக யூ.எஸ்.பி 2.0, அது 2000ஆம் ஆண்டின் தரம், நொடிக்கு 480 மெகாபிட் (எட்டு பிட் ஒரு பைட்), நடைமுறையில் 35, 40 மெகாபைட் போனால் பெரிய விஷயம். எஸ்.எஸ்.டி.யின் கட்டை வயரோ 10 கிகாபிட் தாங்கும். 2023இல் வந்த ஐபோன் 15 ப்ரோவின் துளை 10 கிகாபிட் தாங்கக்கூடியது, ஆனால் அதே பெட்டிக்குள் வைத்துத் தந்த வயர் யூ.எஸ்.பி 2.0 தான்! விலை கூடிய போனோடு வந்தது, நல்ல வயராகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அதோடு போனது.

எங்கள் வீட்டில் ஒரு பிஸ்கற் ரின் இருக்கிறது, அதற்குள் 23 வயர். அப்பா ஒன்றையும் எறிய விடமாட்டார். தொண்ணூறுகளில் கரண்ட் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டவர் அவர், ஒரு முழ வயருக்கும் அப்போது பெறுமதி இருந்தது. அவர் சேர்த்ததை நான் குறை சொல்லவில்லை. எது என்ன செய்யும் என்று ஒருவருக்கும் தெரியாமல் கிடந்ததுதான் என் கவலை.

யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதிப் பக்கம் இரண்டு மூன்று கடையில் வோல்ற்றும் அம்பியரும் காட்டுகிற யூ.எஸ்.பி மீற்றர் கேட்டுக் கிடைக்காமல், கொழும்பில் இருந்து எடுப்பித்தேன். பெருவிரல் அளவுதான், ஒரு பக்கம் ரைப்-சி ஆண், மறுபக்கம் பெண், நடுவில் சின்னத் திரை. இதைச் சார்ஜர் பக்கம் செருகினால் சார்ஜர் என்ன கொடுக்கிறது என்று தெரியும். போன் பக்கம் செருகினால்தான் வயர் வழியில் எவ்வளவைத் தின்றது என்று தெரியும். ஆகவே போன் பக்கம். எல்லா வயருக்கும் அதே சார்ஜர், அதே போன், பற்றரி 30க்கும் 50க்கும் இடையில், திரை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துப் பார்க்க வேண்டும். பற்றரி நிறையப் போகிற நேரத்தில் போன் தானாகவே குறைத்து இழுக்கும், அப்போது பார்த்தால் நல்ல வயரும் கெட்ட வயர் மாதிரித் தெரியும். முதல் நாள் நான் அப்படித்தான் பார்த்துவிட்டு, அடுத்த நாள் முழுவதையும் திரும்பச் செய்தேன்.

போனோடு வந்த ஒரு மீற்றர் வயரில் 4.85 வோல்ற், 1.9 அம்பியர் வந்தது. அம்மாவின் வயர் வேறு கதை. அவருடைய கட்டிலுக்கும் பிளக்குக்கும் தூரம் என்று நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தெருக்கடையில் வாங்கிய மூன்று மீற்றர் வயர், வெள்ளைத் துணி சுற்றி, பார்க்க வடிவாக இருக்கும். சார்ஜரில் 5.1 வோல்ற், போனுக்கு வந்து சேர்ந்தது 4.3, இழுத்தது 0.6 அம்பியர். "இரவு முழுக்கப் போட்டும் காலையில் நிறையுதில்லை, பற்றரி போச்சு" என்று அம்மா மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார், நானும் பற்றரி மாற்றக் கடை விசாரித்துக்கொண்டிருந்தேன். அந்த வயரை வெட்டிப் பார்த்தேன். தடித்த துணி, அதற்குள் தடித்த றப்பர், அதற்குள் நூல் மாதிரி சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று. உரித்தால் தலைமயிர் அளவு செம்பு இழை ஐந்தோ ஆறோ. பச்சையும் வெள்ளையும் இல்லவே இல்லை, அதாவது டேட்டா போகிற கம்பியே போடவில்லை. போன் வயரை வெட்டியபோது (அதன் வாய் ஏற்கனவே உடைந்துவிட்டது) நாலு நிறமும் இருந்தன, சிவப்பும் கறுப்பும் மற்ற இரண்டை விடத் தடிப்பு.

டேட்டா இருக்கிறதா என்று பார்க்க வெட்டத் தேவையில்லை. போனைக் கம்ப்யூட்டரில் செருகி, போனில் கோப்பு மாற்றம் என்பதைத் தெரிவு செய்யுங்கள், அந்தத் தெரிவே வராமல் சார்ஜ் மட்டும் ஏறினால் அநேகமாகக் கம்பி இல்லை. இன்னொரு வயரிலும் செருகிப் பார்த்து உறுதி செய்யுங்கள். 23இல் ஏழு இப்படி. லப்ரொப் சார்ஜ் செய்கிறவர்களுக்கு ஒன்று: சாதாரண சி-சி வயர் (இரண்டு முனையும் ரைப்-சி) 3 அம்பியர்தான், 20 வோல்றில் 60 வாற். 100 வாற் சார்ஜர் வாங்கினாலும் 60க்கு மேல் தராது. 5 அம்பியர் வேண்டுமென்றால் வயரின் வாய்க்குள் ஒரு சிப் இருக்க வேண்டும், சார்ஜர் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் கூட்டிக் கொடுக்கும். வயர் உருகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு.

உங்கள் வீட்டில் என்ன கண்டீர்கள், எழுதுங்கள்.


பருத்தித்துறை

அண்ணா, எனக்கு நடந்தது இதற்கு எதிர்ப்பக்கம், வயர் நல்லது, லைட்தான் பிழை. 2022 பங்குனி கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியதில் இருந்து எங்கள் வீட்டில் ஒரு சார்ஜ் லைட் எப்போதும் தயாராக இருக்கும். போன வருடம் வாங்கிய லைட்டில் ரைப்-சி துளை. லப்ரொப் சார்ஜரின் சி-சி வயரில் போட்டால் ஒரு பொட்டு வெளிச்சமும் வராது. கடைக்குக் கொண்டுபோனேன், அவர் தன் பழைய சார்ஜரில் போட்டார், உடனே ஏறியது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் திரும்ப இல்லை. மூன்று தரம் நடந்தேன், கடைக்காரருக்கும் எனக்கும் முகம் கறுத்துவிட்டது. பிறகுதான் தெரிந்தது, சி-சி வயரில் மறுமுனையில் 5.1 கிலோ ஓம் தடை (ரெசிஸ்டர்) ஒன்று இருப்பதை உணர்ந்த பிறகுதான் சார்ஜர் வோல்ற்றையே விடும். அந்த லைட்டைச் செய்தவர்கள் அந்தச் சின்னத் தடையைப் போடாமல் காசு மிச்சம் பிடித்திருக்கிறார்கள். பழைய சதுர வாயில் (யூ.எஸ்.பி-ஏ) 5 வோல்ற் எப்போதும் இருக்கும், அதனால் அதில் ஏறுகிறது. இப்போது லைட்டோடு ஒரு சதுர வாய் வயரை றப்பர் வளையம் போட்டுக் கட்டியே வைத்திருக்கிறேன். சின்ன ஃபான், ஸ்பீக்கர், தாடி வெட்டுகிற மெசின் பலவற்றிலும் இந்தக் குறை இருக்கிறது, எறிவதற்கு முதல் சதுர வாய் வயரில் போட்டுப் பாருங்கள்.


வேலணை

கடற்கரைக் காற்றுக்கு இங்கே வயர் வாய் பச்சை பிடிக்கும். ஒரு பக்கம் செருகினால் ஏறும், திருப்பிச் செருகினால் ஏறாது, ரைப்-சியில் அப்படி இருந்தால் ஒரு வரிசைக் கால் போய்விட்டது என்று அர்த்தம், எங்கள் வீட்டில் நாலு வயர் அப்படி. ஸ்பிரிற் தொட்ட மரக் குச்சியால் துடைத்தால் சிலது திரும்பி வரும். ஊசி, ஊக்கு ஒன்றும் போடாதீர்கள், அதுவும் செருகியிருக்கும்போது. கருகின வாய் என்றால் துடைக்கவே வேண்டாம், வெட்டி எறியுங்கள்.


யாழ். நகரம், போன் திருத்துகிறேன்

பற்றரி மாற்ற வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வயரைத்தான். "வயரையும் சார்ஜரையும் கொண்டு வாங்கோ, பிறகு பார்ப்பம்." பாதிப் பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும், எனக்குக் காசு இல்லை, பரவாயில்லை, அவர்கள் பிறகு என்னிடம்தான் வருவார்கள்.

சதுர வாயில் இருந்து ரைப்-சிக்கு வருகிற வயரில் ஒரு ஆபத்து இருக்கிறது, ஒருவரும் எழுதவில்லை. அந்த வயரின் சி வாய்க்குள் 56 கிலோ ஓம் தடை இருக்க வேண்டும், "இது பழைய துளை, அளவாக இழு" என்று போனுக்குச் சொல்வது அதுதான். 10 கிலோ ஓம் போட்டால் "3 அம்பியர் இருக்கிறது, எடு" என்று சொன்ன மாதிரி. போன் நம்பி இழுக்கும், மறுபக்கம் இருப்பது லப்ரொப்பின் சின்னத் துளை, போய்விடும். கூகுளில் வேலை செய்த பென்சன் லியுங் என்ற பொறியியலாளர் 2015இல் இருந்து விற்பனையில் இருந்த வயர்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சோதித்து எழுதினார். 2016 ஆரம்பத்தில் நேரும் மறையும் மாற்றி இணைத்த ஒரு வயர் அவருடைய சொந்த குரோம்புக் லப்ரொப்பையே பழுதாக்கியது. ரைப்-சி வயர் வாங்குகிறவர்கள் இன்றைக்கு ஓரளவு பயமில்லாமல் வாங்குவதற்கு அவரைப் போன்றவர்கள் பட்ட பாடும் ஒரு காரணம், நான் அவரை மனதாரப் பாராட்டுகிறேன்.

என்னிடம் மீற்றரோடு இன்னொரு தட்டும் இருக்கிறது, காசு மாதிரி வட்டப் பற்றரி போடுகிறது, வயரின் இரண்டு முனையையும் செருகினால் எந்தக் கம்பி ஓடுகிறதோ அந்தச் சின்ன லைட் பற்றும். சார்ஜ் வயருக்கு நாலைந்து பற்றும், எல்லாக் கம்பியும் உள்ள முழு வயருக்குத் தட்டு முழுக்கப் பற்றும். ரிவியில் படம் காட்ட வாங்கினேன் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களுக்கு அந்தத் தட்டைக் காட்டினால் வாயால் விளக்க வேண்டியதில்லை.

ஒப்போ, வன்பிளஸ் வைத்திருப்பவர்கள்: அந்த வேகச் சார்ஜுக்கு அவர்களுடைய சார்ஜரும் அதற்கேற்ற வயரும் சேர்ந்து வேண்டும். வேறு வயரில் மெதுவாக ஏறினால் வயர் கூடாது என்று முடிவு கட்டாதீர்கள்.


சாவகச்சேரி

மீற்றர் வாங்க இப்போது வசதி இல்லை. ஆறு வயர் இருக்கிறது, பிள்ளைகளின் படிப்புக்கு ஒரு போன்தான். வேறு வழி உண்டா?


கொக்குவில்

உண்டு அக்கா. போனை விமான நிலையில் போட்டு, 30 வீதத்தில் இருந்து அரை மணித்தியாலம், அதே சார்ஜர், எவ்வளவு ஏறியது என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு வயர் பார்த்தால் ஒரு கிழமைக்குள் முடிந்துவிடும், அம்மாவின் மூன்று மீற்றர் வயரை மீற்றர் வருவதற்கு முதலே நான் அப்படித்தான் பிடித்தேன், நல்ல வயரில் ஏறியதில் மூன்றில் ஒன்றுகூட ஏறவில்லை. வயரின் மேல் சின்ன எழுத்தில் ஏதும் அடித்திருந்தால் அதையும் பாருங்கள், ஏ.டபிள்யூ.ஜி என்று முடிகிற இரண்டு எண் சிலதில் இருக்கும், எண் கூடக் கூடக் கம்பி மெலிவு. 28 டேட்டாவுக்குப் போதும், கரண்டுக்கு 24 அல்லது அதற்குக் கீழே நல்லது. வாய் கையில் பிடிக்கமுடியாமல் சுட்டால் அந்த வயரைப் பிள்ளைகளிடம் கொடுக்கவே வேண்டாம்.

நான் அக்காவின் நகப்பூச்சை எடுத்துப் பொட்டு வைத்துவிட்டேன். சிவப்பு என்றால் நன்றாகச் சார்ஜ் ஏறும், நீலம் என்றால் டேட்டாவும் போகும், இரண்டும் இருந்தால் இரண்டும். பொட்டுக் கிடைத்தது 12க்கு. மற்ற 11ஐயும் நடுவில் வெட்டித்தான் போட்டேன், வெட்டாமல் போட்டால் யாராவது எடுத்துப் பாவிப்பார்கள். அப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், பிறகு வெட்டியதை எல்லாம் உரித்து மெல்லிய செம்பை ஒருதரம் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவரே கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். அம்மாவுக்கு சிவப்புப் பொட்டு வைத்த ஒரு மீற்றர் வயர். கட்டிலுக்கு எட்டாது என்றார். கட்டிலைப் பிளக் பக்கமாகத் தள்ளிப் போட்டுவிட்டோம்.