லோட்டஸ் செவன் மாதிரி கார் கட்ட எந்த எம்எக்ஸ்-5 வாங்கலாம்? டோனர் தேர்வில் உதவி வேண்டும்

ஒற்றைக்_கராஜ்:
வணக்கம். இங்கிலாந்தில் மிட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறேன். லோட்டஸ் செவன் பாணியில் ஒரு கார் கட்ட வேண்டும் என்று பல வருட ஆசை. அசல் செவன் 1957-இல் வந்தது, 1973-இல் கேட்டரம் அதன் உரிமையை எடுத்துக்கொண்டது, இன்றும் அதைச் செய்து விற்கிறார்கள், ஆனால் அந்த விலைக்கு வீட்டில் அனுமதி கிடைக்காது. அதனால் சேசிஸும் வெளித் தகடுகளும் மட்டும் கிட்டாக வாங்கி, எஞ்சின், கியர்பாக்ஸ், டிஃப் (டிஃபரன்ஷியல்), ஹப், ஸ்டீயரிங் ராக், வயரிங் எல்லாவற்றையும் ஒரே டோனர் காரிலிருந்து (பாகம் தரும் பழைய கார்) எடுக்கலாம் என்று திட்டம்.

இரண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5 பார்த்து வைத்திருக்கிறேன், இரண்டும் முதல் தலைமுறை. ஒன்று 1991, 1.6 லிட்டர். நன்றாக ஓடுகிறது, விலை ரொம்பக் குறைவு, ஆனால் லாக்புக் (பதிவுப் புத்தகம்) இல்லை, தொலைந்துவிட்டது என்கிறார் விற்பவர். இன்னொன்று 1995, 1.8. இரண்டு பக்கமும் சில் (கதவுக்குக் கீழே உள்ள தகடு) துரு தின்று எம்ஓடி (ஆண்டுத் தகுதிச் சோதனை) தோற்ற கார். லாக்புக் இருக்கிறது, விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பாடி எப்படியும் குப்பைக்குத்தானே, அதனால் 1.6-ஐ வாங்கி, உடனே பிரித்து, கூட்டை ஸ்கிராப்புக்குக் கொடுத்து இடத்தைக் காலி செய்துவிடலாம், மிச்சமாகும் பணத்தில் இரட்டை கார்புரேட்டர் போடலாம் என்பது என் கணக்கு. இதில் ஓட்டை எங்கே? வெல்டிங் கொஞ்சம் வரும். கால் சைஸ் 11, அதுவும் ஒரு கவலை.

பழைய_இரும்பு:
லாக்புக் இல்லாத காரைத் தொடாதீர்கள். தொலைந்தது உண்மையென்றால் வி62 படிவம் (புது லாக்புக் கேட்கும் விண்ணப்பம்) போட்டு அவரே புதிதாக வாங்கட்டும், அது அவர் கைக்கு வந்த பிறகு பேசலாம். வாங்க மறுத்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

மூன்றாம்_கியர்:
தம்பி, ஓட்டை ஒன்றில்லை, மூன்று இருக்கிறது. எல்லாம் காகிதத்தில்தான்.

கிட் கார் கட்டுபவர்கள் எஞ்சினைப் பற்றி மாதக்கணக்கில் பேசுவார்கள், பதிவு எண்ணைப் பற்றிக் கடைசி வாரத்தில்தான் யோசிப்பார்கள். கிட் தயாரிப்பவரிடம் வாங்கிய புது சேசிஸ், அதில் ஒரே டோனரிலிருந்து வந்த இரண்டு முக்கிய பாகங்கள் என்று காட்ட முடிந்தால், டோனரின் வயதுக்கு ஏற்ற எண்ணை டிவிஎல்ஏ (வாகனப் பதிவு அலுவலகம்) கொடுக்கும். எந்தக் காரிலிருந்து வந்தது என்று நிரூபிக்க முடியாவிட்டால் கியூ பிளேட், அதாவது வயது தெரியாத வண்டிக்கான Q எண். கியூ பிளேட்டோடும் ஓட்டலாம், சட்டத்தில் குறை எதுவும் இல்லை, ஆனால் இன்சூரன்ஸ்காரரிடமும் பின்னால் வாங்க வருபவரிடமும் ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். லாக்புக் இல்லாத 1.6 உங்களை நேராக அங்கேதான் கொண்டுபோய் விடும்.

அடுத்தது ஸ்கிராப். காரை அப்படியே யார்டுக்குக் கொடுத்தால் அவர்கள் அழிப்புச் சான்றிதழ் போடுவார்கள். போட்டுவிட்டால் அந்த எண் மறுபடி சாலைக்கு வராது, அந்த அடையாளத்தை வைத்து நீங்கள் எதையும் நிரூபிக்கப் போவதும் கஷ்டம். ஆகவே லாக்புக்கை உங்கள் பெயருக்கு மாற்றி, எஸ்ஓஆர்என் (சாலையில் ஓட்டவில்லை என்ற அறிவிப்பு) போட்டு வையுங்கள். கூட்டை வெட்டிப் போடுவதற்கு முன் டிவிஎல்ஏ-வுக்கு எழுதிக் கேளுங்கள், விதிகள் அவ்வப்போது மாறுகின்றன, பதிலை எழுத்தில் வாங்குங்கள். பிரிப்பதற்கு முன் ஓடும் நிலையில் படம் எடுங்கள், சேசிஸ் எண் தகடு, எஞ்சின் எண் எல்லாம் தெளிவாக. ரசீது ஒன்றைக் கூட எறியாதீர்கள். நீங்களே கட்டியது என்பதற்கும் இவைதான் சாட்சி.

மூன்றாவது ஓட்டை, கார்புரேட்டர் யோசனை. சாலைக்கு வரும் முன் ஐவிஏ சோதனை (தனித்தனிக் காருக்கான அரசு அனுமதிச் சோதனை) கட்டாயம், 2009 முதல் பழைய எஸ்விஏ சோதனைக்குப் பதில் இதுதான். தனிநபர் கட்டிய காருக்குப் புகை அளவை எஞ்சினின் வயதை வைத்து முடிவு செய்வார்கள். 1995 எஞ்சின் என்றால் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் காருக்கான அளவு, அதில் கார்புரேட்டரை வைத்துத் தேறுவது பெரும்பாடு. மாஸ்டாவின் ஈசியு (எஞ்சின் கணினி), லாம்டா சென்சார் (புகையில் ஆக்சிஜனை அளப்பது), கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் மூன்றையும் அப்படியே எடுத்து வையுங்கள், சத்தமில்லாமல் தேறும்.

துரு_விரும்பி:
மூன்றாம் கியர் அண்ணா சொன்னது சரி, ஆனால் அதே காரணத்தால் 1991 எஞ்சினுக்கு ஒரு நன்மையும் உண்டு, புகை அளவு தளர்வானது. 600 கிலோவை ஒட்டிய காருக்கு 1.6 தாராளம், எம்எக்ஸ்-5 தானே 950 கிலோவுக்கு மேல் வரும். 1.6-இன் 6 அங்குல டிஃப் பலவீனம் என்று சொல்வதெல்லாம் டர்போ போட்டு ஓட்டுபவர்களின் புலம்பல்.

என்ன, ஆரம்பகால 1.6-இல் கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டை. புல்லி போல்ட் தளர்ந்து கீவேயை (புல்லியைப் பூட்டும் பள்ளம்) தின்றுவிடும். எஞ்சின் ஓடும்போது புல்லி ஆடுகிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். ஆடினால் நடையைக் கட்டுங்கள்.

மூன்றாம்_கியர்:
எஞ்சின் 1991 என்பதை எதை வைத்து நிரூபிப்பீர்கள்? லாக்புக் இல்லையே. சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது.

துரு_விரும்பி:
ஒப்புக்கொள்கிறேன். லாக்புக் உள்ள 1.6 கிடைத்தால் என்று திருத்திக்கொள்ளுங்கள். ஜப்பானிலிருந்து வந்த யூனோஸ் ரோட்ஸ்டர் (எம்எக்ஸ்-5இன் ஜப்பான் பெயர்) பாருங்கள், சப்ஃபிரேமும் போல்ட்டுகளும் இங்குள்ள உப்புச் சாலையை அவ்வளவு கண்டிராதவை, சஸ்பென்ஷன் போல்ட் கழற்றும்போது அதன் அருமை தெரியும்.

ஒற்றைக்_கராஜ்:
எல்லோருக்கும் நன்றி. 1.6-காரரிடம் வி62 பற்றிக் கேட்டேன், அதன் பிறகு பதிலே இல்லை. அப்போது 1.8தான். சில் துருவால் எனக்கு நஷ்டம் ஏதாவது உண்டா? அப்புறம் பெட்ரோல் டேங்க், டாஷ், ஸ்பீடோமீட்டர் எல்லாம் அப்படியே வருமா?

பழைய_இரும்பு:
சில் துரு உங்களுக்கு லாபம். அதைக் காட்டி விலையைக் குறையுங்கள். ஆனால் சப்ஃபிரேம் போல்ட், விஷ்போன் (சஸ்பென்ஷன் கை) கேம் போல்ட் இவற்றைப் பாருங்கள், பின்பக்க நீளமான போல்ட் புஷ்ஷோடு ஒட்டிக்கொண்டால் ரம்பம்தான் கதி. வாங்கிய அன்றே ஊடுருவும் எண்ணெய் அடிக்கத் தொடங்குங்கள்.

வெல்டிங்_பொறி:
டேங்க் வராது. எம்எக்ஸ்-5இல் அது சீட்டுக்குப் பின்னால் அச்சுக்கு மேலே உட்காரும், செவன் பின்பக்கத்தில் அந்த வடிவத்துக்கு இடமே இல்லை. அலுமினியத்தில் சின்ன டேங்க் செய்வார்கள். ஃபியூயல் இன்ஜெக்ஷன் எஞ்சின் என்பதால் உள்ளே தடுப்புத் தகடு வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள், இல்லாவிட்டால் பாதி டேங்கில் வளைவில் திரும்பும்போது பம்ப் காற்றை உறிஞ்சி எஞ்சின் இருமும். திரும்பு குழாய்க்கும் துளை வேண்டும்.

எஞ்சினுக்குப் பின்னால் உள்ள இடத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். கேம் ஆங்கிள் சென்சார், காயில் பேக், ஹீட்டர் குழாய் எல்லாம் ஹெட்டின் பின்முனையில், சரியாக ஸ்கட்டிலுக்கு (டாஷுக்கு முன்னால் உள்ள பாடிப் பகுதி) முன்னால் வந்து நிற்கும். சிலர் காயிலை இடம் மாற்றுகிறார்கள். 1.8-இல் காற்று அளவி சூடான கம்பி வகை, 1.6-இன் கதவு வைத்த பெரிய பெட்டியைவிட அடக்கமானது, பானெட்டுக்குள் அது பெரிய நிம்மதி.

ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து கேபிளில் ஓடும். 1.8-இன் டிஃப் 4.1, சக்கரம் 185/60 ஆர்14. இரண்டையும் அப்படியே வைத்தால் மாஸ்டா மீட்டர் சரியாகவே காட்டும். டிஃப்பையோ டயர் சைஸையோ மாற்றினால் கணக்கு போய்விடும். ஐவிஏ-வில் மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது, கூடுதலாக என்றால் 10 சதவீதமும் அதோடு மணிக்கு 6.25 மைலும் வரை விடுவார்கள். அழகுக்காக 13 அங்குலச் சக்கரம் போட ஆசை வந்தால் சோதனை முடிந்த பிறகு போடுங்கள்.

துரு_விரும்பி:
ஐவிஏ-வில் புதியவர்கள் அடிபடும் இடம் எஞ்சின் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பிக் கையை விட்டால் தானாக நேருக்குத் திரும்ப வேண்டும், இலகு காரில் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) குறைவாக இருந்தால் திரும்பாது. பின் பிரேக் முன்னதற்கு முன்னால் பூட்டக் கூடாது, பயாஸ் (முன், பின் பிரேக் பங்கீடு) மாற்றும் திருகு வைத்திருந்தால் நிரந்தரமாகப் பூட்டிவிட வேண்டும். அப்புறம் கூர்முனைகள். 100 மிமீ உருண்டை தொடக்கூடிய வெளி விளிம்பு ஒவ்வொன்றும் குறைந்தது 2.5 மிமீ வளைவோடு இருக்க வேண்டும். மட்கார்டு தாங்கி, கண்ணாடித் தாங்கி, விஷ்போன் நட்டு, எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் தொப்பி. சோதனை அன்று கார் பல் முளைக்கும் குழந்தை மாதிரி ரப்பரைக் கவ்விக்கொண்டு நிற்கும்.

ஒற்றைக்_கராஜ்:
சரி, 1.8-க்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். கடைசியாக இரண்டு. பிரிப்பதற்கு முன் என்ன என்ன செய்து பார்க்க வேண்டும்? காலுக்கு என்ன வழி?

மூன்றாம்_கியர்:
எம்ஓடி இல்லாததால் சாலையில் ஓட்டக் கூடாது, டிரெய்லரில் கொண்டு வாருங்கள். வீட்டு முற்றத்தில் சூடேறும் வரை ஓடவிட்டு, கம்ப்ரஷன் பாருங்கள், எல்லா கியரும் விழுகிறதா, கிளட்ச் சறுக்குகிறதா என்று பாருங்கள். ஓடும் காரில் தெரியும் கோளாறு டோனருடையது, பிறகு தெரிந்தால் உங்கள் வயரிங்கா அவர்கள் சென்சாரா என்று இரவெல்லாம் தேட வேண்டும். வயரிங் லூமை (கம்பிக் கட்டு) வெட்டாமல் முழுசாக இழுத்து, ஒவ்வொரு பிளக்கிலும் பெயர் ஒட்டி, அதை அப்படியே புது சேசிஸில் விரித்துப் போட்டு எஞ்சினை ஓட வைத்த பிறகே தேவையில்லாத கம்பிகளை எடுங்கள். ஏர்பேக் இருக்கும் காராக இருந்தால் பேட்டரியைக் கழற்றிக் காத்திருந்து பிறகு தொடுங்கள். பேட்டரி டிக்கியில் இருக்கிறது, வெளியே காற்று விடும் குழாய் உள்ள வகை, இடம் மாற்றும்போது அந்தக் குழாயை மறக்க வேண்டாம்.

வெல்டிங்_பொறி:
கால் விஷயத்தில் நான் சொல்வதைக் கேளுங்கள். கிட்டுக்கு முன்பணம் கட்டும் முன் தயாரிப்பவரின் செய்து முடித்த காரில் உட்கார்ந்து பாருங்கள், மெல்லிய அடி உள்ள ஷூவோடு. பழைய அளவு சேசிஸில் பெடல்கள் மூன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும், சைஸ் 11 பிரேக்கை மிதிக்கும்போது ஆக்ஸிலரேட்டரும் சேர்ந்து இறங்கும். அகல சேசிஸ் கிடைக்கிறதா, எம்எக்ஸ்-5 பெடல் பெட்டியா அவர்களுடையதா என்று கேளுங்கள். மாஸ்டா பிரேக் பூஸ்டரை விட்டுவிடும் கிட் என்றால் மாஸ்டர் சிலிண்டர் எந்த அளவு என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஒற்றைக்_கராஜ்:
சனிக்கிழமை போய் உட்கார்ந்து பார்க்கிறேன். ஷூவையும் எடுத்துப் போகிறேன்.