மின்னசோட்டா ஏரிகளில் நமக்கு நேர்ந்த சந்திப்புகள்

முதல் பகிர்வு, மினியாபொலிஸிலிருந்து

மின்னசோட்டாவுக்கு நாங்கள் குடிவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. வாகன எண் பலகையிலேயே பத்தாயிரம் ஏரிகள் என்று பொறித்துக்கொண்ட மாநிலம் இது. பத்து ஏக்கருக்குக் குறையாத ஏரிகளை மட்டும் எண்ணினாலே 11,842 வருகிறது. முதல் சில ஆண்டுகள் நாங்களும் எண்ணிக்கைக்காகவே சுற்றினோம். ஒரு வார இறுதியில் ஐந்தாறு ஏரிகளைக் காரில் எட்டிப் பார்த்து, கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். அந்தப் படங்களை இன்று எடுத்துப் பார்த்தால் எந்த ஏரி எது என்று சொல்லத் தெரியவில்லை. ஒரே ஏரியில் மூன்று இரவு தங்கிய பயணம் மட்டும் மணிக்கு மணி நினைவில் இருக்கிறது. அதை இங்கே எழுதுகிறேன். ஓரிடத்தில் தங்கி நின்றபோது உங்களுக்கு நேர்ந்ததை நீங்களும் எழுத வேண்டும் என்று விரும்புகிறேன்.

ஈலி என்ற சிற்றூருக்கு அப்பால், கனடா எல்லையை ஒட்டிக் கிடக்கிறது பவுண்டரி வாட்டர்ஸ். பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் காடும், ஆயிரத்துக்கு மேற்பட்ட ஏரிகளும் கொண்ட நிலம் அது. 1964ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் காட்டுநிலமாக அறிவித்தது; 1978இல் அந்தப் பகுதிக்கென்றே வந்த சட்டம் மரம் வெட்டுவதை நிறுத்தி, மோட்டார் படகுகளையும் சில ஏரிகளோடு மட்டுப்படுத்தியது. மற்ற ஏரிகளில் துடுப்பு ஒன்றே துணை. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் போகக் கூடாது. கண்ணாடிப் புட்டியும் தகர டப்பாவும் உள்ளே அனுமதியில்லை என்பதால், புளிக்காய்ச்சலையும் ஊறுகாயையும் முதல் நாள் இரவே பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றி வைத்தேன்.

ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு நிலவழியே கனூ என்னும் துடுப்புப் படகைச் சுமந்து செல்லும் தடத்தைப் போர்ட்டேஜ் என்கிறார்கள். அதன் தூரத்தை இன்றும் 'ராட்' என்ற பழைய அளவில்தான் வரைபடத்தில் குறிக்கிறார்கள். ஒரு ராட் பதினாறரை அடி, ஏறத்தாழ ஒரு கனூவின் நீளம். எங்கள் முதல் போர்ட்டேஜ் எண்பது ராட், அதாவது நானூறு மீட்டர். கனூவைத் தலைகீழாகக் கவிழ்த்து, அதன் நடுவில் குறுக்கே பொருத்தியிருக்கும் நுகத்தைத் தோள்களில் ஏற்றிக்கொண்டு என் கணவர் நடந்தார். கவிழ்ந்த படகுக்குள் கொசுக்கள் கூட்டமாகப் புகுந்துகொள்ளும். இரண்டு கைகளும் படகின் விளிம்பைப் பிடித்திருப்பதால் அவற்றை விரட்டவும் முடியாது. பாதி வழியில் இறக்கி வைக்கலாம் என்றேன். இறக்கினால் மறுபடி தூக்க முடியாது என்று சொல்லிவிட்டு அவர் நடந்துகொண்டே இருந்தார்.

நாங்கள் தங்கிய ஏரியின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. காரணம் படிக்கும்போது புரியும். அது ஜூன் கடைசி வாரம். முதல் இரவு கூடாரத்துக்குள் படுத்திருந்தபோது ஏரியின் மறுகரையிலிருந்து நீண்ட ஓர் ஓலம் எழுந்தது. எட்டு வயது மகள் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சிறிது நேரத்தில் வேறொரு திசையிலிருந்து அதே ஓலம் பதிலாக வந்தது. 1961 முதல் இம்மாநிலத்தின் பறவையாக இருக்கும் லூன்தான் அது. நம் ஊர்க் குளங்களில் காணும் முக்குளிப்பானைப் போல மூழ்கி மீன் பிடிக்கும். ஆனால் வாத்தைவிடப் பெரியது. மற்ற பறவைகளின் எலும்புகள் உள்ளீடற்று லேசாக இருக்க, லூனின் எலும்புகளில் பெரும்பாலானவை கெட்டியானவை. அந்தக் கனம் மூழ்குவதற்கு உதவுகிறது. அதே கனத்தால், பறந்து எழுவதற்கு நீரின்மேல் நெடுந்தூரம் இறக்கையடித்து ஓட வேண்டியிருக்கிறது. அலாஸ்காவை விட்டால் அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்தையும்விட இங்கேதான் லூன்கள் அதிகம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. நாங்கள் மூவரும் துடுப்பைத் தண்ணீரில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு மிதந்தோம். நாணல் ஓரமாக ஒரு லூன் வந்தது. முதுகில் வெள்ளைச் சதுரங்கள் கட்டம் கட்டமாக இருந்தன. கழுத்தில் வெள்ளைக் கோடுகள் கொண்ட பட்டை. கண் சிவப்பு, மாதுளை முத்தின் சிவப்பு. அதன் முதுகுச் சிறகுகளுக்கிடையே பழுப்பு நிறத்தில் ஏதோ அசைந்தது. குஞ்சு ஒன்று தலையை வெளியே நீட்டிப் பார்த்தது. பிறந்து முதல் இரண்டு வாரங்கள் குஞ்சுகள் இப்படித் தாய் தந்தையின் முதுகில்தான் பயணம் செய்கின்றன.

நான் படம் எடுக்க ஆசைப்பட்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கணவரைத் துடுப்புப் போடச் சொன்னேன். இருபது அடி தூரம் வந்ததும் லூனின் குரல் மாறியது. இரவில் கேட்ட ஓலம் அன்று, வெறிகொண்ட சிரிப்பைப் போல நடுங்கும் குரல். அடுத்த நொடி அது தண்ணீரின்மேல் செங்குத்தாக எழுந்து, மார்பை முன்னே தள்ளி, காலால் நீரை மிதித்தபடி எங்களுக்கு எதிரே நின்றது. குஞ்சு முதுகிலிருந்து சரிந்து நீரில் விழுந்து தனியாகத் தத்தளித்தது. "அம்மா, அது பயப்படுது, போயிடலாம்" என்று மகள் அழத் தொடங்கினாள். பின்னோக்கித் துடுப்புப் போட்டு விலகினோம். பார்க்க நடனம் போலிருந்தாலும் அது ஓர் ஆட்டம் அன்று, குஞ்சைக் காக்க வழியற்ற நிலையில் லூன் செய்யும் கடைசி முயற்சி என்பதைப் பிறகு ஈலியில் ஒரு வனக்காவலர் சொல்லித் தெரிந்துகொண்டேன். இப்படி விரட்டப்படும் நேரத்தில்தான் கழுகு தனித்த குஞ்சைத் தூக்கிச் செல்லும் என்றும் அவர் சொன்னார். நான் எடுத்த படத்தை யாருக்கும் காட்டவில்லை.

மீதமிருந்த இரண்டு நாள்களும் கரைப் பாறையில் உட்கார்ந்து தொலைநோக்கி வழியாகவே பார்த்தோம். தந்தையும் தாயும் மாறி மாறி மூழ்கிச் சிறு மீன்களைக் கொண்டுவந்து ஊட்டின. எங்கள் இருப்பு பழகிவிட்ட மூன்றாம் நாள் மாலையில், அந்தப் பறவை தானாகவே எங்கள் பாறைக்கு நாற்பது அடி தூரத்தில் குஞ்சோடு கடந்து சென்றது.


மறுமொழி, டுலூத்திலிருந்து

என் அப்பா பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வாய்க்கால்களில் நீரோட்டமானியை இறக்கி நீரளவு எடுப்பது அவருடைய வேலையின் பெரும்பகுதி. சென்ற கோடையில் அவர் வந்திருந்தபோது, சுப்பீரியர் ஏரியின் வடகரை வழியாக 61ஆம் நெடுஞ்சாலையில் அவரை அழைத்துப் போனேன். கூஸ்பெரி அருவியில் கூட்டம் அதிகம், பத்து நிமிடம் நின்றோம். 1910இல் கட்டப்பட்ட ஸ்பிளிட் ராக் கலங்கரை விளக்கத்தின் கீழே நின்று பார்த்தபோது, இதை ஏரி என்று எப்படிச் சொல்கிறார்கள், மறுகரையே தெரியவில்லையே என்று கேட்டார். 1905 நவம்பர் புயலில் பல கப்பல்கள் சிதைந்த பிறகே அந்த விளக்கம் கட்டப்பட்டது என்பதைப் படித்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். 1975 நவம்பர் 10 அன்று எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற கப்பல் 29 பேரோடு இதே ஏரியில் மூழ்கியது. 1969இல் பணி நிறுத்தப்பட்ட இந்த விளக்கை ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் அவர்கள் நினைவாக ஏற்றுகிறார்கள்.

ஆனால் அவரை உண்மையில் பிடித்து நிறுத்தியது டெவில்ஸ் கெட்டில். ஜட்ஜ் சி. ஆர். மேக்னி மாநிலப் பூங்காவில் புரூல் ஆறு ஒரு பாறையில் இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதி அருவியாக விழுந்து கண்ணெதிரே ஓடுகிறது. மறு பாதி பாறையில் உள்ள பெரிய குழிக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. வெளியே வரும் இடம் தெரிவதில்லை. குழிக்குள் போட்ட கட்டைகளும் பந்துகளும் திரும்பி வந்ததில்லை என்று பல தலைமுறைகளாகக் கதை சொல்கிறார்கள்.

மரப்படிகளில் இறங்கி ஏறியதில் அப்பாவுக்கு முழங்கால் வலித்தது. ஆனாலும் வேலியோரம் ஒரு மணி நேரம் நின்றார். "இது சுண்ணாம்புப் பாறை இல்லை. எரிமலைக் குழம்பு ஆறின பாறை. இதுக்குள்ள குகை ஓடாது" என்றார். பிறகு, "தண்ணி எங்கேயும் காணாமப் போகாதுப்பா. மேல ஒரு அளவு, கீழ ஒரு அளவு எடுத்தா முடிஞ்சுது" என்றார். மாநில இயற்கை வளத் துறையின் நீரியலாளர்கள் 2016இல் அதைத்தான் செய்தார்கள் என்பது அப்போது எனக்கும் தெரியாது. விடுதிக்குத் திரும்பிப் படித்துக் காட்டினேன். அருவிக்கு மேலே நொடிக்கு 123 கன அடி, கீழே 121 கன அடி. அந்த வித்தியாசம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். குழிக்குள் போகும் நீர் சற்றுக் கீழேயே ஆற்றில் கலந்துவிடுகிறது. கட்டைகள் வராததற்குக் காரணம், உள்ளே சுழலும் நீர் அவற்றை அரைத்துத் தூளாக்கிவிடுவதே.

அப்பா அந்த இரண்டு எண்களையும் தம் சட்டைப்பையில் இருந்த சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். மறுநாள் காலை மறுபடியும் அங்கே போக வேண்டும் என்றார். போனோம். இப்போது அவர் குழியைப் பார்க்கவில்லை. அருவிக்குக் கீழே ஆறு அகலும் இடத்தில், நீர் எங்கே மேலெழும்புகிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.


மறுமொழி, செயின்ட் கிளவுடிலிருந்து

குளிர்காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். 1,32,000 ஏக்கர் பரப்புள்ள மில் லாக்ஸ் ஏரி உறைந்த பிறகு, அதன்மேல் பனியை ஒதுக்கிச் சாலை போட்டு, சிறு வீடுகளை இழுத்துவந்து நிறுத்துகிறார்கள். தரையில் உள்ள துளைகள் வழியே வாலாய் மீனுக்குத் தூண்டில் போடுவார்கள். நடந்து போக நான்கு அங்குலம் தெளிந்த பனிக்கட்டியாவது வேண்டும். வண்டிக்கு அதைவிட மிகவும் தடிமன் வேண்டும். ஒரே ஏரியில் ஓரிடம் கெட்டியாகவும் பத்தடி தள்ளி மெலிந்தும் இருக்கலாம் என்பதால், உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் எவரும் இறங்கக் கூடாது என்பதை மிக அழுத்தமாகச் சொல்கிறேன். ஓர் ஆண்டு நாங்கள் கேட்காமல் இறங்கி, கரைக்கு அருகிலேயே நண்பரின் ஒரு கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று.

அதன் பிறகு நாங்கள் நம்பிச் சென்ற முதியவர் ஒருவர், தம் குடிலில் ஓர் இரவு எங்களைத் தங்கவைத்தார். வெளியே மைனஸ் இருபத்தாறு டிகிரி. நள்ளிரவில் ஏரிக்குள்ளிருந்து பீரங்கி வெடிப்பதைப் போல ஓர் ஓசை எழுந்து, குடிலுக்கு அடியில் ஓடி, வெகுதூரம் சென்று தேய்ந்தது. நான் எழுந்து கதவருகே போய்விட்டேன். குளிர் கூடும்போது பனிக்கட்டி சுருங்கி விரிசல் விடும் ஒலி அது என்று அவர் அமைதியாக விளக்கினார். அதற்குப் பிறகு தூங்க மனம் வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுத் துளையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். விடியலுக்குச் சற்று முன் தூண்டில் இழுத்தது. கைவிளக்கு ஒளியில், மங்கிய வெளிச்சத்திலும் காணும்படி அமைந்த வாலாயின் கண்கள் இரண்டு வெள்ளை நாணயங்களாக ஒளிர்ந்தபடி மேலே வந்தன. விதிப்படி அதன் நீளத்தை அளந்து, வைத்துக்கொள்ளும் அளவில் இல்லாததால் திரும்ப விட்டோம். அங்கே எத்தனை மீன், எந்த நீளம் என்ற விதி ஆண்டுக்காண்டு மாறும். போகும் முன் படித்துக்கொள்ள வேண்டும்.


மறுமொழி, ராச்செஸ்டரிலிருந்து

ஐடாஸ்கா ஏரியில் மிசிசிப்பி பிறக்கும் இடத்தில் எல்லாரும் கற்களின்மேல் நடந்து ஆற்றைக் கடந்துவிட்டு, அரை மணியில் கிளம்பிவிடுகிறார்கள். சற்றுத் தங்கி, மேரி கிப்ஸ் பெயரில் உள்ள மையத்தையும் பார்க்க வேண்டும். 1891இல் அமைந்த ஐடாஸ்கா மாநிலப் பூங்காவின் பொறுப்பு 1903இல் அவரிடம் வந்தபோது அவருக்கு வயது 24. மரம் வெட்டுவோர் கட்டிய அணையால் ஏரி உயர்ந்து கரை மரங்கள் மூழ்கியபோது, துப்பாக்கி நீட்டியவர்கள் முன்னால் நின்று மதகைத் திறக்கச் சொன்ன பெண் அவர். அங்குள்ள செம்பைன் மரங்களின் அடியில் என் மகனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துப் பார்த்தான். கைகள் பாதிகூட எட்டவில்லை.


முதல் பகிர்வை எழுதியவரிடமிருந்து

தனிமடலில் மூவர் அனுமதிச் சீட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பவுண்டரி வாட்டர்ஸில் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்குவதற்கு ஒவ்வொரு நுழைவிடத்துக்கும் நாள்தோறும் ஓர் ஒதுக்கீடு உண்டு. கோடைக்கான முன்பதிவு ஜனவரியிலேயே தொடங்கிவிடும். நல்ல நுழைவிடங்கள் விரைவில் தீர்ந்துபோகும். அக்டோபர் முதல் ஒதுக்கீடு கிடையாது, படிவத்தை நாமே நிரப்பிக்கொண்டு போகலாம். கொசுவும் இருக்காது. ஆனால் தண்ணீர் மிகக் குளிர்ந்திருக்கும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது.

நாங்கள் அதே ஏரிக்கு அக்டோபர் முதல் வாரத்தில் மறுபடி சென்றோம். பெரிய லூன்கள் முன்பே தெற்கே கிளம்பிவிட்டிருந்தன. அவை குஞ்சுகளுக்காகக் காத்திருப்பதில்லை. சாம்பல் நிற இளம் பறவை ஒன்று மட்டும் ஏரியின் நடுவில் இருந்தது. யாரும் வழிகாட்டாமல் அது கடலுக்குப் போய்ச் சேரும். ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்துவிட்டுத்தான் இந்த ஏரிகளின் பக்கம் திரும்பும். மகள் பாறையில் குப்புறப் படுத்துத் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்காமல் பார்த்தாள். அது காற்றை எதிர்த்துத் திரும்பி, இறக்கையடித்து நீரின்மேல் ஓடியது. நூறு அடி, இருநூறு அடி ஓடி, மறுபடியும் தண்ணீரில் அமர்ந்தது. சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓடியது. இருட்டும் வரை ஐந்து முறை எண்ணினோம். அன்று அது எழும்பவில்லை.