கணவன், மனைவி இருவரும் ஒரே ஆவணத் தரவுத்தளத்தைப் பயன்படுத்த வழி உண்டா?

அனைவருக்கும் வணக்கம். காப்பீட்டுப் பத்திரங்கள், வரி ரசீதுகள், மருத்துவ அறிக்கைகள் என வீட்டு ஆவணங்கள் அனைத்தையும் ஸ்கேன் செய்து, குறிச்சொற்களுடன் ஒரு செயலியில் நான்கு ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறேன். இப்போது என் கணவரும் தம் மடிக்கணினியிலிருந்து அதே தொகுப்பைப் பயன்படுத்த விரும்புகிறார்.

முதலில் தரவுத்தளக் கோப்புறையை அப்படியே மேகச் சேமிப்பில் வைத்தோம். அது தவறு என்பது இரண்டாம் வாரத்திலேயே புரிந்தது. செயலி உள்ளுக்குள் எஸ்க்யூலைட் (SQLite) என்னும் தரவுத்தள மென்பொருளைப் பயன்படுத்துவதால், முதன்மைக் கோப்பும் மாற்றங்களைத் தற்காலிகமாகப் பதிந்து வைக்கும் துணைக் கோப்பும் எப்போதும் ஒத்திருக்க வேண்டும்; ஒத்திசைவுச் சேவையோ அவற்றைத் தொடர்பற்ற இரு கோப்புகளாகக் கருதி வெவ்வேறு நேரங்களில் நகலெடுக்கிறது. இருவரும் ஒரே சமயத்தில் திறந்திருந்த ஒரு மாலையில் தரவுத்தளம் இரண்டாகி, அவர் இட்ட குறிச்சொற்கள் ஒன்றிலும் நான் சேர்த்த ரசீதுகள் மற்றொன்றிலுமாகப் பிரிந்துவிட்டன. (காப்புப் பிரதி இருந்ததால் வீட்டில் அமைதி நிலைத்தது.)

பேப்பர்லெஸ் என்ஜிஎக்ஸ் (Paperless-ngx) என்னும் ஆவண மேலாண்மை மென்பொருளைப் பழைய கணினி ஒன்றில் சேவையகமாக நிறுவி, இருவரும் உலாவி வழியே அணுகுவதே சரியென எனக்குத் தோன்றுகிறது. தரவுத்தளம் ஓரிடத்திலேயே இருப்பதால் நகல்கள் முரண்பட வாய்ப்பில்லை. வெறும் பிடிஎஃப் கோப்புகளை மட்டும் சிங்க்திங் (Syncthing) என்னும் கோப்பு ஒத்திசைவுச் செயலி மூலம் இரு கணினிகளிலும் வைத்திருப்பது எளிது, ஆனால் குறிச்சொற்களை இழக்க மனமில்லை.

இவ்வாறு மாறியவர்கள், பழைய குறிச்சொற்களை எவ்வாறு கொண்டுசென்றீர்கள், இணையம் இல்லாத பயணங்களில் ஆவணங்களை எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதைத் தெரிவித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.